சுரங்கக் கழிவுமேடுகளின் தாவரப் போர்வையைச் செய்மதிவழிக் கண்காணித்தல்

சுரங்கக் கழிவுமேடுகளின் தாவரப் போர்வையைச் செய்மதிவழிக் கண்காணித்தல் என்பது, சுரங்கத் தொழில் விட்டுச்செல்லும் மண், பாறை, சேறு ஆகியவற்றின் மீது செடிகொடிகள் எந்த அளவுக்குப் பரவியுள்ளன, அவை ஆண்டுக்கு ஆண்டு எவ்வாறு மாறுகின்றன என்பவற்றை விண்ணிலிருந்து பெறப்படும் படங்களைக் கொண்டு அளந்தறியும் முறையாகும். செய்மதி என்பது செயற்கைக்கோளைக் குறிக்கும் மற்றொரு சொல். பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் ஒளியை அளந்து அதன் தன்மையை அறியும் தொலையுணர்வுத் துறையின் பயன்பாடுகளுள் இதுவும் ஒன்று.

பல நாடுகளில், தோண்டிய நிலத்தை மீண்டும் பசுமையாக்கித் தருவது சுரங்க நிறுவனத்தின் சட்டக் கடமையாகும். அக்கடமை நிறைவேறியதாக அரசு ஏற்ற பின்னரே, நிறுவனம் முன்கூட்டிக் கட்டிய பிணைத்தொகை விடுவிக்கப்படும். எனவே ஒரு மேடு பசுமையாகிவிட்டது என்ற கூற்றுக்குப் பின்னால் பெரும் பணமும், அம்மேட்டின் அடிவாரத்தில் வாழும் மக்களின் நலமும் அடங்கியுள்ளன. அக்கூற்றைச் சரிபார்க்கச் செய்மதிப் படம் ஒரு சாட்சியாகப் பயன்படுகிறது. எனினும் செய்மதி அளப்பது பசுமையை மட்டுமே. நிலம் மீண்டுவிட்டதா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மனதிற்கொண்டு படங்களைப் படிப்பதுதான் இம்முறையில் கடினமானது.

சுரங்கக் கழிவின் இயல்பு

சுரங்கக் கழிவுகளை இரு பெரும் வகைகளாகக் கொள்ளலாம். திறந்தவெளிச் சுரங்கங்களில் நிலக்கரியையோ தாதுவையோ அடைவதற்காக அதன்மேல் கிடக்கும் மண்ணும் பாறையும் அகற்றப்பட்டு, அருகிலேயே மலைபோல் குவிக்கப்படுகின்றன. இது மேலடுக்குக் கழிவு. இரண்டாவது வகை, தாதுவை மாவாக அரைத்து உலோகத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கழிவுச்சேறு. இன்று தோண்டப்படும் செப்புத் தாதுக்கள் பலவற்றில் செம்பு நூற்றுக்கு ஒரு பங்குகூட இருப்பதில்லை. ஆகவே அரைக்கப்படும் தாதுவில் ஏறக்குறைய முழுவதும் கழிவாகவே வெளியேறுகிறது. இச்சேறு அணைகட்டித் தேக்கிவைக்கப்படுகிறது.

இவற்றின்மீது செடிகள் எளிதில் வளர்வதில்லை. கழிவில் மட்கும் தழைச்சத்தும் மிகக் குறைவு. பாரவண்டிகள் ஏறியிறங்கியதால் இறுகிப்போன பரப்பில் வேர் இறங்காது. கரிய களிப்பாறைத் துண்டுகள் வெயிலில் மிகுதியாகச் சூடேறுகின்றன. கழிவில் இரும்புக் கந்தகக் கனிமங்கள் இருந்தால் அவை காற்றோடும் நீரோடும் வினைபுரிந்து கந்தக அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலத்தில் செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் கரைந்து வேர்களை நஞ்சாக்குகின்றன.

மறுபுறம், செடியில்லாத கழிவு ஓரிடத்தில் நிற்பதுமில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க் நகரைச் சுற்றியுள்ள தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து வறண்ட காலத்தில் எழும் தூசி, அருகிலுள்ள குடியிருப்புகளுக்கு நெடுங்காலத் தொல்லையாக இருந்துவருகிறது. கனடாவின் சட்பரி நகரருகே நிக்கல், செம்புக் கழிவுச்சேற்றுப் பரப்பில் 1950களிலேயே சுண்ணாம்புக்கல்லைத் தூவி, புல்லும் தானியப் பயிரும் விதைத்துத் தூசியை அடக்கும் பணி தொடங்கியது. காற்றை விட மழை கொடியது. வெற்றுச் சரிவில் விழும் மழை ஓடைகளாக அரித்து, கழிவை வயலுக்கும் ஆற்றுக்கும் கொண்டுசேர்க்கிறது. இவ்வரிப்பைத் தடுக்கும் மலிவான வழி தாவரப் போர்வையே.

இலையும் ஒளியும்

இலையிலுள்ள பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உறிஞ்சி, பச்சை ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்புகிறது. இலை பச்சையாகத் தோன்றுவது இதனால்தான். ஆனால் செய்மதிக்கு உதவுவது கண்ணுக்குப் புலப்படும் இந்தப் பச்சையன்று. சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஏறத்தாழ 750 முதல் 1300 நானோமீட்டர் வரையான அண்மை அகச்சிவப்பு ஒளியை நலமான இலை மிகுதியாக எதிரொளிக்கிறது. இலையினுள் உள்ள உயிரணுக்களுக்கும் அவற்றிடையே உள்ள காற்றிடைவெளிகளுக்கும் இடையே ஒளி பலமுறை சிதறுவதே இதற்குக் காரணம். இந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியுமாயின் காடுகள் யாவும் பளிச்சென்று ஒளிரும்.

மண்ணும் பாறையும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. அவற்றின் எதிரொளிப்பு சிவப்பிலிருந்து அகச்சிவப்புக்குச் சிறிதளவே கூடுகிறது. ஆகவே சிவப்பில் குறைவாகவும் அண்மை அகச்சிவப்பில் மிகுதியாகவும் ஒளி வரும் இடத்தில் இலை இருக்கிறது என்று கொள்ளலாம். இவற்றைத் தவிர 1600, 2200 நானோமீட்டர் அளவிலான குற்றலை அகச்சிவப்புப் பகுதியில் நீர் ஒளியை உறிஞ்சுவதால், இலையின் ஈரத்தையும் ஓரளவு அறியமுடிகிறது.

தாவரச் சுட்டெண்

மேற்கண்ட வேறுபாட்டை ஒரே எண்ணாகச் சுருக்கும் முறை 1970களில் உருவானது. அமெரிக்காவின் முதல் நிலவளச் செய்மதியான லேண்ட்சாட் 1, 1972 சூலை 23இல் ஏவப்பட்டது. அதன் தரவுகளைக் கொண்டு அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் புல்வெளிகளை ஆராய்ந்த டெக்சாசு ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரௌசும் அவருடைய குழுவினரும் பயன்படுத்திய சுட்டெண் பின்னர் உலகெங்கும் பரவியது. இயல்பாக்கிய வேறுபாட்டுத் தாவரச் சுட்டெண் என இதனைத் தமிழில் கூறலாம். என்.டி.வி.ஐ. என்ற சுருக்கப் பெயரே பெருவழக்கு.

சுட்டெண் = (அண்மை அகச்சிவப்பு − சிவப்பு) ÷ (அண்மை அகச்சிவப்பு + சிவப்பு)

இதன் மதிப்பு −1 முதல் +1 வரை அமையும். அடர்ந்த இலைப்பரப்பு 5 விழுக்காடு சிவப்பு ஒளியையும் 45 விழுக்காடு அண்மை அகச்சிவப்பு ஒளியையும் எதிரொளிப்பதாகக் கொண்டால், சுட்டெண் 0.40 ÷ 0.50, அதாவது 0.80 ஆகும். வெற்று நிலத்துக்கு இது பெரும்பாலும் 0.1 அல்லது 0.2 அளவில் இருக்கும். நீர்ப்பரப்புக்குச் சுழியத்துக்குக் கீழே போவதும் உண்டு.

பயிர் நிலங்களுக்கும் காடுகளுக்கும் இச்சுட்டெண் நன்கு பொருந்துகிறது. சுரங்கக் கழிவில் இது ஏமாற்றக்கூடியது. காரணத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். இரண்டு கழிவுமேடுகள் உள்ளன. ஒன்று வெளிர்நிற மணற்பாறைக் கழிவு: சிவப்பில் 20 விழுக்காடும் அண்மை அகச்சிவப்பில் 25 விழுக்காடும் எதிரொளிக்கிறது. மற்றொன்று நிலக்கரித் துகள் கலந்த கரிய களிப்பாறை: முறையே 4, 5 விழுக்காடு. செடியே இல்லாதபோது இரண்டுக்கும் சுட்டெண் ஒன்றே, 0.11. இப்போது இரு மேடுகளிலும் பரப்பில் சரியாக ஐந்தில் ஒரு பங்கை மேற்சொன்ன அடர்ந்த இலை மூடுவதாகக் கொள்வோம். வெளிர்நிற மேட்டின் சிவப்பு 17, அண்மை அகச்சிவப்பு 29 விழுக்காடு ஆகிறது; சுட்டெண் 0.26. கரிய மேட்டில் அவை 4.2, 13 விழுக்காடு, சுட்டெண் 0.51. இரு மேடுகளிலும் இருப்பது ஒரே அளவு செடி. படத்தைப் பார்ப்பவரோ கரிய மேடு இருமடங்கு பசுமையானது என்று முடிவுசெய்வார்.

இக்குறையைப் போக்க 1988ஆம் ஆண்டில் ஆல்ஃபிரெடோ ஹுவேட்டே என்பவர் மண்-திருத்தத் தாவரச் சுட்டெண்ணை முன்வைத்தார். இதில் கீழ்ப்பகுதியோடு 0.5 என்ற ஒரு மாறிலி கூட்டப்பட்டு, முழுத்தொகையும் 1.5 ஆல் பெருக்கப்படுகிறது. மேலே கண்ட இரு மேடுகளுக்கும் இதைக் கணக்கிட்டால் வெளிர்நிற மேட்டுக்கு 0.19, கரிய மேட்டுக்கு 0.20 எனக் கிடைக்கும். வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்துபார்ப்பது நன்று. ஒரு சுட்டெண்ணின் பெயரை அறிவதைவிட, அது எங்கே தவறும் என்பதை அறிவது பயனுடையது.

நிறத்தைப் போலவே கழிவின் வேதியியலும் குறுக்கிடுகிறது. துருவேறிய இரும்புக் கனிமங்கள் 850 முதல் 900 நானோமீட்டர் அளவில் ஒளியை உறிஞ்சுகின்றன. எனவே செம்மஞ்சள் நிறம் படிந்த கழிவுச்சேற்றில் செடி இருந்தாலும் சுட்டெண் குறைவாகக் காட்டக்கூடும். ஈரமான சேறு உலர்ந்த சேற்றைவிடக் கருமையானது. ஆதலால் மழைக்கு மறுநாள் எடுத்த படமும் ஒரு மாதம் வெயில் காய்ந்தபின் எடுத்த படமும் வெவ்வேறு எண்களைத் தரும். சரிவும் நிழலும் இன்னொரு சிக்கல். நிலவளச் செய்மதிகள் பெரும்பாலும் முற்பகலில் கடந்துசெல்பவை. அவ்வேளையில் மேட்டின் மேற்குச் சரிவும், வடகோளத்தில் குளிர்காலத்தின்போது வடக்குச் சரிவும் நிழலில் கிடக்கும். அவற்றின் மதிப்புகளை உயரப் படிமத்தைக் கொண்டு திருத்தவேண்டும், இல்லையேல் ஒதுக்கிவைக்கவேண்டும்.

படவணுவும் படவரிசையும்

செய்மதிப் படம் படவணுக்களால் ஆனது. ஒரு படவணுவுக்குள் இருக்கும் யாவும் ஒரே எண்ணாகக் கலந்துவிடும். லேண்ட்சாட் 1இன் படவணு ஏறக்குறைய 80 மீட்டர் அகலமுடையது. சிறு மேடு ஒன்று அதில் ஒருசில புள்ளிகளாகவே தெரியும். 1982இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 4 முதல் இது 30 மீட்டராகக் குறைந்தது. இந்தியாவின் ஐ.ஆர்.எசு.-1ஏ 1988 மார்ச்சு 17இல் ஏவப்பட்டது. அதன் நுண்மையான கருவியின் படவணு ஏறத்தாழ 36 மீட்டர். 2003இல் ஏவப்பட்ட ரிசோர்சுசாட்-1 செய்மதியின் லிசு-4 கருவி 5.8 மீட்டர் நுணுக்கத்தில் படம்பிடித்தது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் 2015 முதல் 10 மீட்டர் நுணுக்கத்தில் படங்களை அளிக்கின்றன. 30 மீட்டர் படவணு ஒன்றுக்குள் 10 மீட்டர் படவணுக்கள் ஒன்பது அடங்கும். கழிவுமேடுகள் படிக்கட்டு வடிவில் அமைக்கப்படுவதால் இந்த வேறுபாடு முக்கியமானது. படியின் சமதளத்தில் மரக்கன்றுகள் செழித்திருக்க, இரு படிகளுக்கு இடையிலுள்ள செங்குத்துச் சரிவு வெறுமையாக இருக்கலாம். அரிப்பு தொடங்குவது அச்சரிவில்தான். பெரிய படவணுவில் அது தெரியாது.

நுணுக்கத்தைவிடவும் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது விலை. 1980களில் லேண்ட்சாட் விற்பனை தனியார்வசம் இருந்தபோது ஒரு படத்தின் விலை 4,000 டாலருக்கும் மேல் சென்றது. ஒரு சுரங்கத்தை ஆண்டுதோறும் பார்ப்பது அன்று அரசுகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டுமே இயன்றது. 2008இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை முழுத் தொகுப்பையும் இணையத்தில் இலவசமாக்கியது. அதன்பின் 1972 வரை பின்னோக்கிச் சென்று, ஒரு மலை எப்போது வெட்டப்பட்டது, எப்போது பச்சையானது, மீண்டும் எப்போது காய்ந்தது என்பதை யார் வேண்டுமானாலும் வரிசையாகக் காணமுடிகிறது.

தனியொரு படத்தைக் கொண்டு தாவரப் போர்வையை மதிப்பிடுவது நல்ல முறையன்று. நல்ல மழைக்குப் பின் ஓராண்டுப் புற்கள் எந்தக் கழிவையும் சில வாரங்களுக்குப் பச்சையாக்கிவிடும். ஆகையால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்தில் எடுத்த படங்கள் ஒப்பிடப்படுகின்றன. அருகிலுள்ள, சுரங்கம் தீண்டாத ஒரு நிலப்பகுதியும் ஒப்பீட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. வறட்சியான ஆண்டில் இரண்டும் சேர்ந்து வாடும். கழிவுமேடு மட்டும் வாடினால் காரணம் மேட்டுக்குள் இருக்கிறது என்று பொருள்.

அப்பலாச்சிய மலைகளில்

இம்முறை மிகுதியாகப் பயன்பட்ட இடங்களுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் நடு அப்பலாச்சியப் பகுதி. மேற்கு வர்சீனியா, கிழக்குக் கென்டக்கி, தென்மேற்கு வர்சீனியா, கிழக்குத் டென்னசி ஆகியவற்றில் பரவியுள்ள இம்மலைகளில், நிலக்கரிப் படுகைக்கு மேலுள்ள மலையுச்சியை வெடிவைத்து அகற்றும் முறை கையாளப்பட்டது. உடைத்த பாறை பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டப்படும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, 1985க்கும் 2001க்கும் இடையே ஏறத்தாழ 1,160 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடைகள் இவ்வாறு புதைந்தன.

மேற்கு வர்சீனியாவின் ஹோபெட் சுரங்கம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1984 முதலான லேண்ட்சாட் படங்களை வரிசையாக்கி நாசா வெளியிட்டுள்ளது. தொடக்கப் படத்தில் கரும்பச்சைக் காட்டின் நடுவே ஒரு சிறு வெண்திட்டாகத் தெரியும் சுரங்கம், பின்வரும் படங்களில் மலைமுகடுகளை ஒவ்வொன்றாக விழுங்கி, 40 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிகிறது. வெண்திட்டு நகர்ந்து சென்ற பின் பழைய இடங்கள் மீண்டும் பச்சையாகின்றன. ஆனால் அந்தப் பச்சை வேறு. சுற்றியுள்ள காடு கரும்பச்சை. மீட்கப்பட்ட நிலம் இளம்பச்சை. படத்தைப் பார்ப்பவர் கவனிக்கவேண்டியது இந்த நிற வேறுபாட்டைத்தான்.

இதன் காரணத்தைச் சட்டத்திலும் தேடவேண்டும். 1977ஆம் ஆண்டின் அமெரிக்க மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், கழிவைச் சீர்செய்து தாவரப் போர்வையை உருவாக்குவதைக் கட்டாயமாக்கியது. ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேலுள்ள பகுதிகளில் நிறுவனம் ஐந்து ஆண்டுகளும், அதற்குக் குறைவாக மழை பெறும் பகுதிகளில் பத்து ஆண்டுகளும் அப்போர்வைக்குப் பொறுப்பேற்க வேண்டும். மழை மிகுந்த அப்பலாச்சியாவுக்கு ஐந்து ஆண்டுகளே பொருந்தும். கழிவு சரியாமலிருக்கப் பரப்பு கனரகப் பொறிகளால் நன்கு இறுக்கப்பட்டது. அதன்மேல் விரைவில் படரும் ஐரோப்பியப் புற்களும், ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அவரைக் குடும்பச் செடிகளும் விதைக்கப்பட்டன. ஐந்து ஆண்டுக்குள் இவை நிலத்தை மூடின. இறுகிய மண்ணிலும் அடர்ந்த புல்லிலும் ஓக்கு, ஹிக்கரி போன்ற காட்டு மரங்களின் விதைகள் வேரூன்ற முடியவில்லை. மரக்காடாக வேண்டிய நிலம் புல்வெளியாகவே தங்கிவிட்டது. இதைக் கண்ட பின்னரே, 2000களில், மேற்பரப்பை இறுக்காமல் தளர்வாக விட்டு மரம் வளர்க்கும் அணுகுமுறை ஊக்குவிக்கப்பட்டது.

இவ்விடத்தில் தாவரச் சுட்டெண் தன் இரண்டாவது குறையைக் காட்டுகிறது. இலைப்பரப்பு ஓர் அளவைத் தாண்டியபின் சுட்டெண் மேலும் உயர்வதில்லை. அடர்ந்த புல்லும் நூறாண்டுக் காடும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தருகின்றன. கோடையில் எடுத்த படத்தின் சுட்டெண்ணை மட்டும் பார்த்தால் மலை மீண்டுவிட்டது என்றே தோன்றும்.

இதைத் தீர்க்கப் பருவத்தின் துணை நாடப்படுகிறது. அப்பலாச்சியக் காட்டு மரங்கள் இலையுதிர்ப்பவை. வசந்தத்தின் தொடக்கத்தில் அவை மொட்டையாக நிற்கும். விதைக்கப்பட்ட குளிர்காலப் புற்களோ அப்போதே பச்சையாகிவிடும். எனவே அவ்வேளையில் எடுத்த படத்தில் காட்டைவிடக் கழிவுமேடு பசுமையாகத் தெரிந்தால், அங்கே இருப்பது காடன்று. கோடைப் படத்தையும் வசந்தப் படத்தையும் சேர்த்துப் படித்தால் புல், மரம் ஆகிய இரண்டும் பிரிந்துவிடுகின்றன. குற்றலை அகச்சிவப்பும் உதவும். மரங்களின் உள்நிழலாலும் இலையீரத்தாலும் காடு அதில் புல்வெளியைவிடக் கருமையாகத் தோன்றும்.

இப்பகுதி முழுவதையும் தழுவிய ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. டியூக் பல்கலைக்கழகம், இசுகைதுரூத்து, அப்பலாச்சியன் வாய்சசு ஆகியவற்றைச் சேர்ந்தோர் 74 மாவட்டங்களின் லேண்ட்சாட் படங்களை ஆய்ந்து, 1985 முதல் 2015 வரை ஏறத்தாழ 2,900 சதுர கிலோமீட்டர் நிலம் புதிதாகத் தோண்டப்பட்டதைக் கணக்கிட்டனர். ஒரு டன் நிலக்கரிக்காக அழிக்கப்படும் நிலத்தின் அளவு இக்காலத்தில் ஏறத்தாழ 10 சதுர மீட்டரிலிருந்து 30 சதுர மீட்டருக்கு உயர்ந்திருந்ததையும் அவர்கள் கண்டனர். இத்தகைய கணக்கை நிறுவனங்களின் தனித்தனி அறிக்கைகளிலிருந்து தொகுப்பது எளிதன்று. ஒரே கண்ணால் எல்லாவற்றையும் பார்த்த செய்மதியால் அது கூடிற்று.

இந்திய நிலக்கரி வயல்களில்

இந்தியாவில் கோல் இந்தியா நிறுவனம் 2008 முதல் தன் திறந்தவெளிச் சுரங்கங்களின் நிலமீட்பைச் செய்மதிப் படங்களால் கண்காணித்துவருகிறது. ராஞ்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய சுரங்கத் திட்டமிடல் மற்றும் வடிவமைப்பு நிறுவனம் இப்பணியைச் செய்கிறது. நிலக்கரியும் மேலடுக்குக் கழிவும் சேர்ந்து ஆண்டுக்கு 50 இலட்சம் கன மீட்டருக்கு மேல் அகற்றும் சுரங்கங்கள் ஆண்டுதோறும், சிறியவை மூன்றாண்டுக்கு ஒருமுறையும் ஆராயப்படுகின்றன. குத்தகை நிலம், தோண்டும் பகுதி, கழிவு நிரப்பிச் சமன்செய்த பகுதி, மரம் நட்ட பகுதி என வகைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றின் பரப்பும் முந்தைய ஆண்டோடு ஒப்பிடப்படுகிறது. மத்தியப் பிரதேச, உத்தரப் பிரதேச எல்லையிலுள்ள சிங்ரௌலி நிலக்கரி வயலின் பெருமேடுகள் இவ்வாறு பார்க்கப்படுபவற்றுள் அடங்கும். 2009இல் நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சுரங்க மூடல் திட்டத்தையும் அதற்கென ஒதுக்குக் கணக்கில் ஆண்டுதோறும் பணம் செலுத்துவதையும் கட்டாயமாக்கின. அதன்பின் இத்தகைய அளவீடுகளின் தேவை கூடியது.

ஆய்வு செய்யும் நிறுவனம் கோல் இந்தியாவின் துணை நிறுவனமே என்பது கவனிக்கத்தக்கது. அளவீடு பிழையானது என்று இதனால் கூறிவிட முடியாது. ஆயினும் லேண்ட்சாட், சென்டினல் தரவுகள் எவர்க்கும் கிடைப்பதால், கல்லூரி மாணவர்களும் உள்ளூர் மக்களும் அதே மேட்டைத் தாமே அளந்து அறிக்கையோடு ஒப்பிடலாம். ஒரு மடிக்கணினியும் கட்டற்ற மென்பொருளும் இதற்குப் போதும்.

இந்தியச் சூழலில் இரண்டு செய்திகளை மனதிற்கொள்ளவேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நிலக்கரி வயல்கள் மேகத்தால் மூடப்பட்டிருக்கும். தெளிந்த படம் அக்டோபருக்குப் பின்னரே கிடைக்கும். அப்போது மழையில் முளைத்த புல் எங்கும் பச்சையாக இருப்பதால், அப்படத்தில் ஏறக்குறைய எல்லா மேடுகளும் தேர்ச்சி பெற்றுவிடும். பிப்ரவரி, மார்ச்சு மாதப் படத்தில் நிலைத்துநிற்பதே வேரூன்றிய தாவரம். மற்றொன்று, நடப்படும் மரங்களின் இனம். விரைந்து வளரும் ஆத்திரேலிய வேலமரங்கள், தைலமரம், சீமைக் கருவேலம் போன்றவை கழிவுமேடுகளில் பரவலாக நடப்பட்டன. இவை கோடையிலும் இலை தாங்குவதால், அருகே இலையுதிர்த்து நிற்கும் இயற்கைக் காட்டைவிடச் செய்மதிக்குப் பசுமையாகத் தெரியும். ஒரே இனத்தைக் கொண்ட தோப்பும் பல்லினக் காடும் எண்ணளவில் ஒன்றாகிவிடுகின்றன.

களச்சோதனை

படத்திலிருந்து பெறும் எண்ணைத் தரையில் சரிபார்க்காமல் ஏற்பதில்லை. மேட்டின் பல இடங்களில் படவணுவின் அளவுக்கு ஏற்பச் சதுரங்கள் அமைத்து, செடி மூடிய பரப்பு, இனங்கள், மண்ணின் அமிலத்தன்மை ஆகியவை பதியப்படுகின்றன. இடத்தைத் தற்போக்கில் தேர்ந்தெடுப்பது முக்கியம். சாலையோரத்து நல்ல பகுதிகளை மட்டும் பார்த்தால் முடிவு சாய்ந்துவிடும். எடுத்துக்காட்டாக, படம் தாவரம் என்று காட்டிய 60 இடங்களில் 48இல் மட்டுமே தரையில் தாவரம் காணப்பட்டால், அவ்வகைப்பாட்டின் நம்பகம் 80 விழுக்காடு. எவ்வளவு எக்டேர் பசுமை என்று கூறும் அறிக்கை இந்த எண்ணையும் சேர்த்துக் கூறவேண்டும். கூறாத அறிக்கையை ஐயத்தோடு படிப்பதே முறை.

உலோக நச்சால் வாடும் செடிகளை அவை மடிவதற்கு முன்னரே அறியவும் முயற்சிகள் உள்ளன. சிவப்பிலிருந்து அண்மை அகச்சிவப்புக்கு எதிரொளிப்பு செங்குத்தாக ஏறும் 700 நானோமீட்டர் அளவிலான பகுதி செவ்விளிம்பு எனப்படுகிறது. பச்சையம் குறையும்போது இவ்விளிம்பு குற்றலைப் பக்கம் சற்று நகர்கிறது. சென்டினல்-2இல் 705, 740, 783 நானோமீட்டர் அளவுகளில் மூன்று அலைப்பட்டைகள் இதற்கு உதவுகின்றன. ஆனால் வறட்சியாலும் சத்துக் குறைவாலும் இதே நகர்வு நேரும். நஞ்சுதான் காரணம் என்பதை மண்ணையும் இலையையும் ஆய்வகத்தில் சோதித்தே உறுதிசெய்யமுடியும்.

பசுமையும் பாதுகாப்பும்

தாவரப் போர்வை மேற்பரப்பைக் காக்கிறது. கழிவின் உள்ளே நீர் எவ்வளவு தேங்கியுள்ளது, சேறு எவ்வளவு உறுதியாக உள்ளது என்பவற்றை அது காட்டுவதில்லை. பிரேசிலின் புருமாடின்யோ நகரருகே இருந்த இரும்புத்தாதுச் சுரங்கத்தின் 86 மீட்டர் உயரக் கழிவுச்சேற்று அணை 2016க்குப் பின் பயன்பாட்டில் இல்லை. அதன் முகப்பு புல்லால் மூடப்பட்டிருந்தது. 2019 சனவரி 25 அன்று நண்பகலில் அவ்வணை சில நொடிகளில் இடிந்து, 270 பேர் இறந்தனர். அங்கிருந்த ஒளிப்படக் கருவியின் பதிவில், பச்சைப் போர்த்திய சரிவு முழுவதுமாக நெகிழ்ந்து கீழிறங்குவது தெரிகிறது. இறந்தோரில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர்கள். அணைக்குக் கீழே அமைந்திருந்த உணவகத்தில் இருந்தோரும் அவர்களுள் அடங்குவர்.

இத்தகைய ஆபத்தைத் தேட வேறுவகைச் செய்மதி வேண்டும். 2014இல் முதலாவதாக ஏவப்பட்ட சென்டினல்-1 வரிசைச் செய்மதிகள் ரேடார் அலைகளை அனுப்பி, திரும்பிவரும் அலையின் கட்ட மாற்றத்திலிருந்து நிலப்பரப்பின் மில்லிமீட்டர் அளவிலான அசைவுகளையும் காணவல்லவை. மேகம் இவற்றைத் தடுக்காது. புருமாடின்யோ அணை மெல்ல அசைந்திருந்ததை இடிந்த பிறகு இத்தரவுகளில் ஆய்வாளர்கள் கண்டனர். அது முன்னறிவிப்பாக அமையத்தக்க அளவினதா என்பதில் அவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மேலும், அடர்ந்த செடிகள் அசைவதால் ரேடார் அளவீட்டின் துல்லியம் குறைகிறது. மேட்டின்மீது தாவரம் செழிக்கச் செழிக்க அம்மேட்டின் அசைவை அளப்பது கடினமாகிறது. அதனால் செடிகளின் நடுவே ரேடார் அலையைத் தெளிவாகத் திருப்பியனுப்பும் உலோக மூலைத் தெறிப்பிகள் சில மேடுகளிலும் அணைகளிலும் நடப்படுகின்றன.